முப்பதில் முடிந்துவிடுவதில்லை இசை

இசையமைப்பாளரின் கற்பனைக்கு ஆயுள் குறைவு என்பது பரவலான நம்பிக்கை. முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளில் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிடும், அதன்பின் வருவது பழையதன் மறுபதிப்புதான் என்று ரசிகர்களும் சொல்கிறார்கள், விமர்சகர்களும் எழுதுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. தவறு என்பதோடு நிற்காமல், உழைத்துக்கொண்டிருக்கும் கலைஞர்களுக்குத் தீங்கும் செய்கிறது.

இந்த நம்பிக்கைக்குச் சாட்சியாக முதலில் நிறுத்தப்படுகிறவர்கள் மொசார்ட்டும் ஷூபர்ட்டும். ஒருவர் 35 வயதிலும் மற்றவர் 31 வயதிலும் இறந்தார்கள். முதுமையே வாய்க்காதவர்களை வைத்து முதுமையில் என்ன ஆகும் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர்களின் கடைசி மாதங்களைப் பார்த்தாலும் தேய்வதற்கான அடையாளம் இல்லை. ஷூபர்ட்டின் கடைசி மூன்று பியானோ சொனாட்டாக்களும், ஐந்து தந்தி வாத்தியங்களுக்கான சி மேஜர் குவின்டெட்டும் அவர் இறந்த 1828ஆம் ஆண்டிலேயே முடிந்தவை. மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ அவர் இறந்த 1791இல் மேடையேறியது. இருவருமே ஏறுமுகத்தில் இருந்தபோது மரணம் குறுக்கிட்டது.

கணக்கெடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹேய்ஸ் 1980களில் 76 மேற்கத்திய இசையமைப்பாளர்களின் நிலைத்துநின்ற படைப்புகளை ஆராய்ந்தார். ஏறத்தாழ 500 படைப்புகளில், இசைவாழ்வின் முதல் பத்தாண்டுக்குள் எழுதப்பட்டவை மூன்றே. பத்தாம் ஆண்டு முதல் இருபத்தைந்தாம் ஆண்டு வரை எண்ணிக்கை வேகமாக ஏறுகிறது. அதன்பின் ஏறத்தாழ ஐம்பதாம் ஆண்டு வரை மட்டமாக நிற்கிறது. இறக்கம் அதற்கும் பிறகுதான். டீன் கீத் சைமன்டன் என்ற இன்னோர் ஆய்வாளர் நெடுங்காலம் இதே துறையில் உழைத்து, ஒருவர் எழுதுவதில் சிறந்தவை அமையும் விகிதம் வயதால் பெரிதாக மாறுவதில்லை என்றார். நிறைய எழுதும் காலத்தில் நிறைய நல்லவை வரும், கூடவே நிறைய மோசமானவையும் வரும். பிற்காலத்தில் குறைவது பெரும்பாலும் எழுதும் அளவு. அந்தக் குறைவைத்தான் கற்பனை வற்றியதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இத்தாலியின் ஜுசெப்பே வெர்டியின் வாழ்க்கையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1813இல் பிறந்த வெர்டி முப்பதுகளில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஓப்பெராக்களை எழுதித் தள்ளினார். ‘ரிகொலெட்டோ’ அந்த ஓட்டத்தின் உச்சத்தில் வந்தது. ஆனால் அதே ஓட்டத்தில் வந்த ‘அல்சீரா’வை அவரே பின்னாளில் மோசமானது என்று ஒதுக்கினார். 1871இல் ‘ஐடா’வுக்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் புதிய ஓப்பெரா ஏதும் இல்லை. அவர் கதை முடிந்தது என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்த காலம் அது. பதிப்பாளர் ஜூலியோ ரிக்கோர்டி விடவில்லை. கவிஞரும் இசையமைப்பாளருமான அர்ரீகோ பொய்ட்டோவை அவரோடு சேர்த்துவைத்தார். பழைய ஓப்பெரா ஒன்றை இருவரும் 1881இல் திருத்தி எழுதிப் பார்த்தார்கள். 1887இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் ‘ஒதெல்லோ’ மேடையேறியபோது வெர்டிக்கு 73 வயது. 1893இல் ‘ஃபால்ஸ்டாஃப்’ வந்தபோது 79.

இந்த இரண்டும் இளமைக்கால வெர்டியின் நகல்கள் அல்ல. பாட்டு, கைதட்டலுக்கு ஒரு நிறுத்தம், அடுத்த பாட்டு என்ற பழைய அமைப்பு இவற்றில் பெருமளவு கரைந்துபோகிறது. பேச்சும் இசையும் இடைவெளியின்றி ஓடுகின்றன, வாத்தியக் குழு பாத்திரத்தின் மனத்தோடு மனமாக நகர்கிறது. ‘ஃபால்ஸ்டாஃப்’ நகைச்சுவை நாடகம். அதற்கு முன் அவர் எழுதிய ஒரே நகைச்சுவை ஓப்பெரா 1840இல் படுதோல்வி அடைந்திருந்தது. இருபதுகளில் கைவராத ஒன்று எண்பதை நெருங்கும்போது கைவந்தது என்பதை வற்றுதல் கணக்கில் எப்படி எழுதுவது?

செக் இசையமைப்பாளர் லியோஷ் யானாச்செக்கின் கதை இன்னும் கூர்மையானது. அவருடைய ‘யெனூஃபா’ 1904இல் புர்னோ நகரில் அரங்கேறியது. அப்போது அவருக்கு 49 வயது. தலைநகர் பிராக்கின் தேசிய அரங்கம் பன்னிரண்டு ஆண்டுகள் அதை ஏற்கவில்லை. அரங்கின் இசைத் தலைவருக்கு யானாச்செக் மீது பழைய மனக்கசப்பு இருந்தது. 1916இல் கதவு திறந்தது, வெற்றியும் வந்தது. அதன்பிறகு 1928இல் இறக்கும்வரை நான்கு பெரிய ஓப்பெராக்கள், இரண்டு தந்தி வாத்தியக் குவார்டெட்டுகள், ‘சின்ஃபோனியெட்டா’, ‘கிளாகொலிட்டிக் மாஸ்’ எல்லாம் வந்தன. உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அறுபதுக்குப் பின் எழுதியவற்றுக்காகவே. மக்கள் பேசும்போது குரல் ஏறி இறங்குவதைப் பல பத்தாண்டுகளாகக் குறிப்பேடுகளில் ஸ்வரமாக எழுதிவந்த மனிதர் அவர். அந்தச் சேமிப்பு இளைஞனிடம் இருந்திருக்க முடியாது. அது மேடைக்கு வரத் தாமதமானதற்குக் காரணம் ஓர் அரங்கத்தின் பிடிவாதம்.

எதிர்த்தரப்புக்கும் பெயர்கள் இருக்கின்றன. ரோசினி 1829இல், 37 வயதில், ஓப்பெரா எழுதுவதை நிறுத்தினார். சிபெலியஸ் 1926க்குப் பிறகு முப்பது ஆண்டுகள் பெரிய படைப்பு எதையும் வெளியிடவில்லை. ஆனால் ரோசினி கைவிட்டது ஓப்பெராவைத்தான். பணம் சேர்ந்துவிட்டது, உடல்நலம் கெட்டது, ரசனையும் மாறிக்கொண்டிருந்தது. எழுபது வயதுக்குப் பிறகு, 1863இல், அவர் எழுதிய மாஸ் என்னும் தேவாலய வழிபாட்டு இசை இன்றும் பாடப்படுகிறது. சிபெலியஸ் எட்டாவது சிம்பொனியில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1940களில் தாமே அதை எரித்தார். தம் அளவுகோலுக்கு எட்டவில்லை என்று எண்ணும் கடுமை அது. ஹைடனிடம் உண்மையான தேய்வைப் பார்க்கலாம். 58 வயதில் எஸ்டெர்ஹாசி அரண்மனைப் பணியின் பிடியிலிருந்து விடுபட்டு, லண்டனுக்காகப் பன்னிரண்டு சிம்பொனிகளும், 66 வயதில் ‘படைப்பு’ ஓரட்டோரியோவும் தந்தவர் அவர். கடைசி ஆண்டுகளில் எழுதுவதை நிறுத்தியபோது, இசை எண்ணங்கள் விடாமல் துரத்துகின்றன, உடல்தான் ஒத்துழைக்கவில்லை என்று பார்க்க வந்தவர்களிடம் வருந்தினார்.

உடலின் தேய்வையும் கற்பனையின் தேய்வையும் ஒன்றாக்குவது கர்நாடக இசையிலும் நடக்கிறது. வயதேறினால் குரல் தளரும், மூச்சு குறையும், மேல்ஸ்தாயி எட்டாது. மனோதர்மம் என்னும் மேடைக் கற்பனை அதோடு சேர்ந்து தளர்வதில்லை. செம்மங்குடி சீனிவாச ஐயர் எண்பது வயது கடந்தும் கச்சேரி செய்தார். பிருகாக்களின் வேகத்தைக் குறைத்துக்கொண்ட முதிய வித்வான் ஜீவஸ்வரத்தில் நின்று ராகத்தைக் காட்டும் பக்குவம், அதே ராகத்தை ஓடித் தீர்க்கும் இளைஞரிடம் எளிதில் கிடைக்காது. அங்கே எதைப் பாடாமல் விடுவது என்பதும் கற்பனையின் வேலைதான்.

இத்தனை எதிர்ச்சான்று இருந்தும் நம்பிக்கை நிலைக்கக் காரணம் கேட்பவரின் வயது. ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் கண்டது இது: மனிதர்கள் மிகவும் விரும்புவது தமக்கு ஏறத்தாழ 24 வயதானபோது வெளிவந்த பாடல்களை. இசையமைப்பாளரின் பொற்காலம் என்று ஒருவர் சுட்டுவது பெரும்பாலும் சுட்டுகிறவரின் இளமைக்காலம்.

தமிழ்த் திரையிசையில் இது இரண்டு தலைமுறையாக நடந்துவருகிறது. 1976இல் இளையராஜாவின் இசையில் ‘அன்னக்கிளி’ வந்ததும், எம்.எஸ். விஸ்வநாதனின் காலம் முடிந்தது என்ற பேச்சு எழுந்தது. அதற்குப் பிறகுதான், ஐம்பதைத் தாண்டிய விஸ்வநாதன், 1979இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்கு இளைஞர் இசைக்குழுவின் துள்ளலைத் தந்தார். 1980இல் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில், தத்தகாரத்துக்கு வரி கட்டும் வேலையையே ஒரு பாட்டாக்கினார். பின்னர் அதே தீர்ப்பு இளையராஜா மீது விழுந்தது. எண்பதுகளில் சில ஆண்டுகளில் நாற்பது படங்களுக்கு மேல் இசையமைத்தவருக்குப் பின்னாளில் படங்கள் குறைந்தன. தயாரிப்பாளர்களின் தேவை மாறியதை அவருடைய வறட்சியாக எழுதினார்கள். அவரோ 2005இல், 62 வயதில், திருவாசகத்தை ஓரட்டோரியோவாக்கினார். 2025 மார்ச்சில், 81 வயதில், லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். எண்பதுகளின் பாடல்களோடு இவற்றை ஒப்பிட்டு மதிப்பிடலாம், பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். நின்றுபோன மனம் செய்த வேலை என்று சொல்ல இடமில்லை.

இந்த நம்பிக்கையின் தீங்கு மேடையில் நேரடியாகத் தெரிகிறது. மூத்த இசையமைப்பாளரின் நிகழ்ச்சியில் கேட்கப்படுவது முப்பது, நாற்பது ஆண்டுக்கு முந்தைய பாடல்கள். புதியது தொடங்கினால் பேச்சும் நடமாட்டமும் எழுகின்றன. படத்துக்கு அழைப்பவரும் பழைய வெற்றி ஒன்றைச் சொல்லி, அதைப்போல் இன்னொன்று கேட்கிறார். அவர் கேட்டபடியே செய்துகொடுத்தால், திரும்பத் திரும்ப ஒன்றையே செய்கிறார் என்று விமர்சனம் வருகிறது. மாற்றிச் செய்தால் அது யார் காதிலும் விழுவதில்லை.