கோழிக்கூண்டில் கிடந்தவனுக்குச் சிறகு இருந்ததாம்

சிறகு என் கண்ணில் படவே இல்லை. கூண்டுதான் பட்டது.

எம்.ஏ. தமிழ் இரண்டாம் வருஷம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில், நண்பன் கொடுத்த ஜெராக்ஸ் தாள்களில், காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1968இல் எழுதிய இரண்டு சிறுகதைகளைப் படித்தேன். முதல் கதையில் மழைச் சேற்றில் ஒரு வீட்டு முற்றத்தில் பெரிய சிறகுகளோடு ஒரு கிழவன் விழுந்து கிடக்கிறான். கோழிக்கூண்டில் அடைக்கிறார்கள். வேடிக்கை பார்க்க ஆளுக்கு ஐந்து காசு வசூல். கல்லெறிகிறார்கள். அசையாமல் கிடக்கிறானே என்று மாட்டுக்குச் சூடு போடும் இரும்பால் விலாவில் சுடுகிறார்கள். பாதிரியார் லத்தீனில் பேசிப் பார்க்கிறார். கிழவனுக்கு அந்தப் பாஷை தெரியவில்லை என்றதும் சந்தேகப்படுகிறார். வசூலான காசில் வீட்டுக்காரர்கள் மாடி வீடு கட்டிக்கொள்கிறார்கள்.

இதற்குப் பெயர் மாய யதார்த்தம் என்றார்கள். எனக்கு விளங்கவில்லை. இதில் மாயம் எங்கே இருக்கிறது? அடைத்துவைத்து, சூடு வைத்து, தேவபாஷை தெரியாததால் இவன் மனுசனா என்று சோதித்து, அவன் உடம்பை வைத்தே அடுத்தவன் மாடி கட்டின கதையை எங்கள் தெருவில் எந்தத் திண்ணையிலும் கேட்கலாம். சிறகை மட்டும் யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பெரியபுராணமும் எங்களுக்குப் பாடமாக இருந்தது. தீயில் இறங்கிய நந்தன் பூணூலும் சடைமுடியுமாக எழுந்தான் என்றால் அது பக்தி இலக்கியம். கொலம்பியாக்காரன் எழுதினால் மாய யதார்த்தம். எங்க ஆயா, ஏரிக்கரைப் புளியமரத்தடியில் செத்த பண்ணையாள் இன்னும் கூலி கேட்டு நிற்கிறான் என்று சொன்னால் மட்டும் மூடநம்பிக்கை. மார்க்வெஸ், நம்ப முடியாததை முகம் மாறாமல் சொன்ன தன் பாட்டியிடமிருந்துதான் கதை சொல்லும் தொனியைக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டிக்கு 1982 நோபல் பரிசில் பங்கு உண்டு. எங்க ஆயாவுக்குப் பகுத்தறிவாளர் மேடையிலும் இடமில்லை. (பேயை நம்புகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூலி பாக்கியை நம்புகிறேன்.)

பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றது. அந்த மலைமேல் தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் பொங்கல் தின்றுவிட்டுப் போகுமாம். சாபம் பெற்ற ரிஷிகளாம் அவை. இப்போது வருவதில்லை. பறவை ஆய்வாளர்களைக் கேட்டால் அது மஞ்சள்முகப் பாறு, செத்த மாட்டைத் தின்னும் பறவை என்பார்கள். செத்த மாட்டைத் தூக்கு என்று எங்களுக்குக் கட்டளை போட்டு, தூக்கினவன் தின்றான் என்று ஊருக்கு வெளியே தள்ளிவைத்த நாட்டில், அதையே தின்ற பறவைக்கு ரிஷிப் பட்டம்! மடியில் கிடந்த கிழவனுக்கும் சிறகு இருந்தது. ஆனால் அவன் போய் விழுந்தது கோழிக்கூண்டில்.

இரண்டாவது கதை கடற்கரையில் நடக்கிறது. இருபது வீடுள்ள மீனவ ஊரில் ஒரு பிரம்மாண்டமான பிணம் ஒதுங்குகிறது. பெண்கள் பாசியைச் சுரண்டிக் கழுவுகிறார்கள், பாய்மரத் துணியில் கால்சட்டை தைக்கிறார்கள், எஸ்தபான் என்று பெயர் வைக்கிறார்கள். ஊரே அவனுக்குச் சொந்தமாகிறது. மாமல்லபுரத்தில் இறங்கி, கடலைப் பார்த்து உட்கார்ந்து இதை முடித்தபோதுதான் முதல்முறையாக மாயம் என்றால் என்ன என்று தெரிந்தது. எங்கள் பாடை ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது. ஏரிக்கரையைச் சுற்றித்தான் போகும். ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பளவு தண்ணியில் தூக்கியிருக்கிறேன். இந்தக் கதையில் ஒருத்தர்கூட அந்தப் பிணம் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே முழுசாகக் கேட்டுது. அவ்வளவு பெரிய பிணமா என்று ஆச்சரியப்படவில்லை.

"ஏன் நைனா, அந்த ஊர்ல காலனி எந்தப் பக்கம்?"

"காலனியே இல்ல ஆயா. மொத்தமே இருபது வீடு."

"அப்போ கதைதான்" என்றுவிட்டு முறத்தைத் தட்டியது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மீட்சி, கல்குதிரை போன்ற சிறுபத்திரிகைகள் லத்தீன் அமெரிக்க எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டாடிய விமர்சகக் கனவான்கள் எடுத்துக்கொண்டது உத்தியை மட்டும். 1758இல் ஹைத்தியில் உயிரோடு கொளுத்தப்பட்ட மக்கந்தால் தீயிலிருந்து பறந்து தப்பிவிட்டான் என்று அடிமைகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை கலகத்தோடு சேர்ந்தது. அலெஹோ கார்பெந்தியர் 1949இல் எழுதிய நாவலில் அதுதான் இருக்கிறது. எங்கள் நந்தனோ தீயிலிருந்து நேராகத் தில்லைக்குள் போய் மறைந்துவிட்டான். எந்தத் தீயிலிருந்து யார் எந்தப் பக்கம் பறந்தார்கள் என்று கேட்காமல் 'மொழியின் மாயம்' என்று நூறு பக்கம் எழுதலாம். எழுதினார்கள். அதே பேனாதான் தலித் எழுத்தை 'வெறும் பதிவு, கலையாகவில்லை' என்றும் எழுதியது.

மாயம் வேணுமா? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது, நிலம் கொடுத்தார்கள். பத்து வருஷம் விற்கக்கூடாது, பிறகும் எங்கள் ஆட்களுக்குத்தான் விற்கலாம், மீறினால் செல்லாது. பழைய 'அ' பதிவேட்டில் என் முப்பாட்டன் பெயர் இருக்கிறது. புதியதில் இல்லை. இடையில் ஒரு பத்திரமும் இல்லை. நிலத்தில் காம்பவுண்டு சுவர் இருக்கிறது, கேட் இருக்கிறது, கேட்டில் வாட்ச்மேனாக எங்கள் காலனிப் பையன் நிற்கிறான்.

மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் 1994இல் எங்கள் சனம் இப்படிப்பட்ட பஞ்சமி நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலை வைத்தது. சிலையை அகற்றினார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். எனக்கு அப்போது நாலு வயசு. அந்தப் பெயர்களைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

போன வருஷம் நிலம் காணாமல் போன எங்கள் கதையைச் சிறுகதையாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். யதார்த்தம் தூக்கலாக இருக்கிறது, கொஞ்சம் மாயத்தன்மை சேர்த்து அனுப்பலாமே என்று கடிதம் வந்தது. இரண்டு 'அ' பதிவேடுகளின் நகலையும் கதையோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.