வாந்திக்கு மெடல் கிடையாது

ஆம்பூர்ப் பக்கம் பாலாற்று மணலில் விடியற்காலை ஐந்து மணிக்கு, காவலர், ராணுவத் தேர்வுகளுக்குப் பழக வரும் பையன்களை ஓடவிடுகிறேன். ராணுவத்தில் 17 வருடம் இருந்துவிட்டு வந்தவன். கையில் ஒரு விசில், ஒரு ஸ்டாப்வாட்ச். காசு வாங்குவதில்லை. வருகிற பையன்களில் பாதிப் பேருக்கு அப்பா டேனரியில், அம்மா ஷூ கம்பெனியில். சிலர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக மணலுக்கு வருவார்கள். குளிக்க நேரம் இருக்காது. தோல் வாடையோடு ஓடுவார்கள்.

புதிதாக வருகிறவன் முதல் வாரத்திலேயே வாந்தி எடுப்பான். மூன்றாவது ரவுண்டில் முகம் வெளுக்கும், வாயில் எச்சில் ஊறும், ஓரமாகப் போய்க் குனிவான். மற்றவர்கள் கைதட்டுவார்கள். "கக்குனாத்தாண்டா மிலிட்டரி" என்று நானும் முதுகில் தட்டுவேன். ராணுவத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் சொன்னது அது. அவருக்கு அவருடைய உஸ்தாத் சொல்லியிருப்பார். இப்படிக் கைமாறி வந்த பேச்சை ஒருவரும் நின்று யோசித்ததில்லை, நான் உட்பட.

யோசிக்க வைத்தவன் ஒரு பையன். கத்திரி வெயில் நேரம். அன்று நான் வர நேரமாகிவிட்டது, எட்டு மணிக்குத்தான் ஓட்டம் ஆரம்பித்தது. அவன் ஒருமுறை வாந்தி எடுத்தான். "இன்னும் ஒரே ரவுண்டுதான், முடிச்சிட்டு உட்காரு" என்றேன். முடித்தான். உட்காரவில்லை, கோணலாக நடந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், என்னைப் பார்த்தான், ஆனால் யாரென்று தெரியாதவனைப் போலப் பார்த்தான். உடம்பு அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சுட்டது. வியர்வை வேறு ஊற்றிக்கொண்டிருந்தது, அதனால் வெயில் அடித்திருக்காது என்று நினைத்தேன். அது என் இரண்டாவது தவறு. ஓடி ஓடி உடம்பு சூடேறி விழுகிறவனுக்குத் தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. வியர்க்க வியர்க்கவே விழுவான். பிழைத்துவிட்டான். மறுநாள் அவன் சிறுநீர் கோலா நிறத்தில் போயிருக்கிறது. தசை உடைந்து ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது என்றார் டாக்டர். அவன் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகுதான் படித்தேன், டாக்டர்களிடம் கேட்டேன். விஷயம் சின்னது. ஓடும்போது கால் தசைக்கும் தோலுக்கும் ரத்தம் வேண்டும். உடம்பு அதை வயிற்றிலிருந்துதான் திருப்பிவிடுகிறது. உச்ச வேகத்தில் வயிறு, குடலுக்குப் போகும் ரத்தம் ஐந்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். உள்ளே கிடக்கிற சாப்பாடு நகராது. முந்தின ராத்திரி கல்யாண வீட்டு பிரியாணியைக் கத்திரிக்காயோடு ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தவனுக்குக் கேட்கவே வேண்டாம், எண்ணெயும் கொழுப்பும் வயிற்றை விட்டு இறங்குவதே தாமதம். அதோடு தண்ணீர் வற்றிப்போனால் ரத்தம் இன்னும் குறையும். வெயிலும் சேர்ந்துகொண்டால் உடம்பு எதை முதலில் காப்பாற்றுவது என்று திணறும். ஆக, வாந்தி வீரத்தின் அடையாளம் அல்ல, கோழைத்தனத்தின் அடையாளமும் அல்ல. வேகத்தைக் குறை என்று உடம்பு அடிக்கிற விசில். பெரும்பாலும் பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்து, வாய் கொப்பளித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் சரியாகிவிடும். வாந்தியோடு பேச்சு குழறினாலோ, தலை வலித்து உளறினாலோ, நெஞ்சு வலித்தாலோ அது வேறு கதை.

தண்ணீர் என்றதும் எல்லோரும் குடி குடி என்கிறோம். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். அதற்கும் முதல் அறிகுறி குமட்டலும் வாந்தியும்தான். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்பு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். தேர்வு நாள் காலையில் பயத்தில் மூன்று பாட்டிலைக் காலி செய்கிற பையன்களை எனக்குத் தெரியும்.

வெறும் தண்ணீருக்குப் பதில் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். இருக்கிறது. அந்தப் பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அதைக் கால் கால் பங்காகப் பிரித்து டம்ளரில் கொட்டுகிற வழக்கத்தை எங்கள் பையன்கள் விடவே மாட்டேன் என்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட பழச்சாற்று டப்பாவை வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் போடக்கூடாது என்றது.

நம் வேலூருக்கும் ஓ.ஆர்.எஸ். கதையில் பங்கு உண்டு. அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் கூட இருந்தவர்களும், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் ஒருவகை மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பேதி சீக்கிரம் நின்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி. அவர்கள் கலந்தது சோள மாவு, நோய் காலரா. ஓடுகிறவனுக்கு அது மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சோறு வடித்து ஆறினாலும் அதே வகை மாவுச்சத்து கொஞ்சம் உண்டாகிறது என்று கேட்டபோது, என் அம்மா உப்பு போட்டுக் கொடுத்த நீராகாரத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது. ஓட்டம் முடிந்து அரை மணி கழித்து ஒரு சொம்பு, அதுதான் இப்போது எங்கள் குழுவின் டிபன்.

இதுவரை என் மணல். இனி தேர்வு மைதானம். நம் மாநிலக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகப் பழகினவனுக்கு அது கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில். ராத்திரி பஸ்ஸில் வருவான், பஸ் ஸ்டாண்டில் படுப்பான், வயிறு பாரமாகிவிடும் என்று பட்டினியாக நிற்பான், சான்றிதழ் சரிபார்ப்பு வரிசையிலேயே வெயில் ஏறிவிடும். 2024 ஆகஸ்ட் கடைசியில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வு நடந்தது. ஆண்களுக்கு ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர். இரண்டு வாரத்துக்குள் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அப்புறம் தேர்வை மூன்று நாள் நிறுத்திவிட்டு, காலை 9 மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்றார் முதல்வர் ஹேமந்த் சோரன். ஓடப்போகும் பிள்ளைக்கு ஒரு பழம் கொடுக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் யோசனைக்கு வந்தது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லது. ஆனால் நான் கேட்பது சாவுக்கு முந்தின அரை மணி நேரத்தை. ஓட்டம் நடக்கும் மைதானத்தில் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு தொட்டி, நிறையத் தண்ணீர், ஐஸ் இருக்க வேண்டும். உளறுகிறவனை 108 வரும் வரை விசிறிக்கொண்டிருக்கக் கூடாது, கழுத்து வரை தண்ணீரில் இறக்க வேண்டும். முதலில் குளிர வை, பிறகு ஏற்றி அனுப்பு என்பதுதான் உலகம் முழுக்க விளையாட்டு மருத்துவர்கள் சொல்வது. எங்கள் பக்கம் நீல பீப்பாய்க்குப் பஞ்சமே இல்லை (கெமிக்கல் வந்த பீப்பாயை வெட்டி இதற்கு வைத்துவிடாதீர்கள்). இன்னொன்று: ஓட்டத்தில் வாந்தி எடுத்து நின்றவனுக்கு, அங்குள்ள டாக்டர் கையெழுத்துப் போட்டால், அதே தேர்வில் இன்னொரு நாள் கொடுங்கள். ஒரே வாய்ப்பு என்று தெரிந்தால் எவனும் நிற்க மாட்டான். நானும் நின்றிருக்க மாட்டேன்.

இதெல்லாம் ஓட்டக்காரன் பிரச்சினை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் தேறி மூன்று வாரம் கழித்து அவன் அப்பா ஒருநாள் காலையில் மணலுக்கு வந்தார். டேனரியில் ஊறின தோலை இழுத்து டிரம்மில் போடுகிற வேலை. தண்ணீர் குடித்த எருமைத்தோலை இழுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். சுற்றிலும் ஈரம், மேலே தகரக் கூரை, உடம்பில் ரப்பர் ஏப்ரன். 1500 மீட்டர் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும், அந்த வேலை எட்டு மணி நேரம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் வைக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. அத்தனை பேர் இல்லாத ஷெட்டுகளுக்கு அந்தச் சட்டத்தில் அந்தக் குளிர்ச்சி இருக்கவில்லை.

பையன்கள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைப்பதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார்.

"அத்த விடுங்க சார். எனக்கும் மதியானம் டிரம்முகிட்ட இப்படித்தான் பொரட்டும். ரெண்டு தடவ வாந்திகூட எடுத்துட்டேன். இத்தினி வருசமா வாடைன்னுதான் நெனச்சினு இருந்தேன்" என்றார். "இதுல ரெண்டு பாக்கெட்டு குடுங்க."

நாலு கொடுத்தேன். லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.