ரோட்ஸ் தீவு: கப்பல் காத்திருக்காத எட்டு மணி நேரம்

காலை 9 மணி. இரவெல்லாம் ஏஜியன் கடலில் ஓடிவந்த சொகுசுக் கப்பல், கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவுத் துறைமுகத்தில் வந்து நிற்கிறது. மேல்தளத்தில் காபிக் கோப்பையோடு நிற்பவர்கள் கண்ணில் முதலில் படுவது, கரையோரம் தேன் நிறத்தில் நீளும் ஒரு கோட்டை மதில்.

இறங்கியதும் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. சட்டையில் எண் போட்ட ஸ்டிக்கரோடு ஒரு கூட்டம், கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த பஸ்களை நோக்கிப் போகிறது. இன்னொரு கூட்டம், ஒரு கையில் மொபைல், மறு கையில் தண்ணீர் பாட்டிலோடு தன் காலை நம்பிக் கிளம்புகிறது. இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் இந்த வாரம்.

பஸ்ஸா, நடையா?

கப்பலின் சுற்றுலாவில் சேர்ந்தால் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். நான்கு பேர் குடும்பம் என்றால், ஒவ்வொரு துறைமுகத்திலும் சேர்ந்து சேர்ந்து அது ஒரு பெரிய தொகையாகிவிடும். அந்தக் காசுக்குக் கிடைப்பது வழிகாட்டியும் ஏ.சி. பஸ்ஸும் மட்டுமல்ல. வழியில் பஸ் தாமதமானால், கப்பல் அவர்களுக்காகக் காத்திருக்கும் அல்லது அவர்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தனியாகப் போனவருக்கு அந்தச் சலுகை இல்லை. 5 மணிக்குக் கிளம்ப வேண்டிய கப்பல் 5 மணிக்குக் கிளம்பிவிடும். கரையில் நின்று கையசைத்தால், கப்பலில் இருப்பவர்கள் பதிலுக்குக் கையசைப்பார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு அடுத்த துறைமுகத்துக்கு விமானமோ படகோ பிடிப்பது சொந்தச் செலவில்.

ஆகவே, இறங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை நான்கு. ஒன்று, கப்பல் கிளம்பும் நேரத்தை விட முக்கியமானது 'எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம்'. அது பெரும்பாலும் அரை மணி நேரமாவது முன்னால் இருக்கும். இரண்டு, கப்பலின் கடிகாரமும் தீவின் கடிகாரமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்வது. மொபைல் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் மாறாமல் இருக்கலாம். மூன்று, கப்பலில் தரும் தினசரித் தாளில் துறைமுக ஏஜென்ட்டின் போன் எண் அச்சாகியிருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது. நான்கு, கப்பல் அட்டையும் பாஸ்போர்ட் நகலும் பையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது.

லிண்டோஸ் ஆசை

ரோட்ஸ் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது லிண்டோஸ் படம். நீலக் கடல், வெள்ளை வீடுகள், மேலே பாறை உச்சியில் அத்தீனா தேவி கோயிலின் தூண்கள். பார்த்ததும் போகத் தோன்றும். ஆனால் அது துறைமுகத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 மணிக்குக் கப்பல் வந்தாலும், வரிசையில் நின்று இறங்க 9.30 ஆகும். 4.30-க்குள் ஏற வேண்டும் என்றால், 3.30-க்குத் துறைமுகத்தில் இருப்பதுதான் நிம்மதி. கையில் மிஞ்சுவது ஆறு மணி நேரம். மாந்த்ராக்கி துறை அருகிலிருந்து லிண்டோஸுக்குப் பஸ் உண்டு. நிறுத்தம் வரை நடை, காத்திருப்பு, ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம், பிறகு 116 மீட்டர் உயரப் பாறைக்கு வெயிலில் படியேற்றம். திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்ற கவலை வேறு.

முடியாது என்றில்லை. டாக்ஸியைப் பகிர்ந்துகொண்டு, கட்டணத்தை முன்பே பேசிக்கொண்டு போய்வருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அது ஒன்றுதான் நடக்கும். கப்பலிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஊரைப் பஸ் ஜன்னல் வழியாகக்கூடச் சரியாகப் பார்க்காமல் திரும்ப வேண்டியிருக்கும். அந்த ஊரோ, 1988-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டை நகரம்!

மதிலுக்குள்ளே

துறைமுகப் பக்கமாகக் கோட்டைக்குப் பல வாசல்கள். இரண்டு உருண்டைக் கோபுரங்களுக்கு நடுவே திறக்கும் கடல்வாசல், பார்க்கவே கம்பீரம். உள்ளே நுழைந்ததும் காலுக்குத்தான் முதல் பாடம். தெருக்களில் கூழாங்கற்களைச் செங்குத்தாக நட்டுப் பதித்திருக்கிறார்கள். மெல்லிய செருப்போடு போனால் அரை மணியில் பாதம் கெஞ்சும். நல்ல ஷூ அவசியம். சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் இங்கே சிரமம்.

புனித ஜான் சபையின் நைட் வீரர்கள் 1309-ல் இந்தத் தீவைப் பிடித்து, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். மதத் துறவிகளாகவும் போர்வீரர்களாகவும் ஒருசேர வாழ்ந்தவர்கள் அவர்கள். நோயாளிகளைக் கவனிப்பதுதான் அவர்களின் ஆதிப் பணி. அவர்கள் கட்டிய பெரிய மருத்துவமனையே இன்று தொல்லியல் அருங்காட்சியகம். மாடியில் நோயாளிகள் படுத்திருந்த நீண்ட கூடம் அப்படியே இருக்கிறது. குளித்துவிட்டுக் கூந்தலை இரு கையாலும் விரித்துப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் சிறிய பளிங்கு அஃப்ரோடைட்டி, இங்கே பலரையும் நிற்கவைத்துவிடுகிறாள்.

அங்கிருந்து மேலேறுவது நைட் வீரர்கள் தெரு. சுமார் 200 மீட்டர்தான் நீளம். வீரர்கள் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதால், பேசும் மொழியை வைத்து அவர்களைக் குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். அந்தக் குழுவுக்குப் பெயரே 'நாக்கு'! ஒவ்வொரு நாக்குக்கும் ஒரு விடுதி. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், புரோவான்ஸ் விடுதிகளின் வாசல்களில் கல்லில் செதுக்கிய சின்னங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். நண்பகலில் இங்கே தலைகள்தான் தெரியும். அதனால் இறங்கியதும் முதல் வேலையாக இந்தத் தெருவுக்கு வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

தெருவின் உச்சியில் தலைமை வீரரின் அரண்மனை. பழைய கோட்டை என்று எண்ணி உள்ளே போகிறவர்களுக்கு ஒரு சங்கதி. அருகிலிருந்த தேவாலயத்தில் சேமித்திருந்த வெடிமருந்து 1856-ல் வெடித்ததில் அரண்மனை பெரும் சேதமடைந்தது. இன்று நிற்பது, தீவை ஆண்ட இத்தாலியர்கள் 1937 முதல் 1940 வரை திரும்பக் கட்டியது. தரையில் மிளிரும் சித்திரக் கற்பதிப்புகளைப் பக்கத்துத் தீவான கோஸிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். அருங்காட்சியகம், அரண்மனை இரண்டுக்கும் டிக்கெட் உண்டு. நேரம் குறைவென்றால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பழைமைதான் வேண்டுமென்றால் அருங்காட்சியகம். பிரம்மாண்டம் பிடிக்கும் பிள்ளைகள் உடன் இருந்தால் அரண்மனை.

காசே செலவில்லாத இடம் ஒன்றும் உண்டு. கோட்டையைச் சுற்றி ஓடும் வறண்ட அகழி. அதற்குள் இறங்கி நடந்தால், இருபுறமும் ஓங்கிய மதில்கள், புல்லில் கிடக்கும் கல் பீரங்கிக் குண்டுகள். 1522-ல் சுல்தான் சுலைமானின் படை ஆறு மாதம் இந்த மதிலைத்தான் முட்டியது. கடைசியில் நைட் வீரர்கள் சரணடைந்து, 1523 புத்தாண்டு நாளில் கப்பலேறிப் போனார்கள். பின்னாளில் அவர்களுக்குப் புகலிடமானது மால்டா தீவு.

இல்லாத சிலை

பழைய நகரிலிருந்து சில நிமிட நடையில் மாந்த்ராக்கி துறை. உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றான கொலோசஸ் சிலை, துறைமுக வாயிலில் இரு கால்களையும் அகட்டி நிற்க, நடுவே கப்பல்கள் போவதாகப் படம் பார்த்தே பலரும் வளர்ந்திருப்பார்கள். அது பிற்காலக் கற்பனை.

உண்மைக் கதை இன்னும் சுவையானது. கி.மு. 305-ல் மாசிடோனிய இளவரசன் டெமெட்ரியஸ் இந்த ஊரை முற்றுகையிட்டுத் தோற்றான். அவன் விட்டுப்போன போர் எந்திரங்களை விற்ற காசில், சூரியக் கடவுள் ஹீலியோஸுக்கு ஊர்மக்கள் வெண்கலச் சிலை எழுப்பினார்கள். சுமார் 33 மீட்டர் உயரம். செய்தவர் லிண்டோஸ் ஊர்க்காரரான காரெஸ். அறுபது ஆண்டுகூட நிற்கவில்லை, கி.மு. 226 வாக்கில் பூகம்பத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. இன்று துறை வாயிலின் இருபுறமும் தூண் மேல் நிற்பவை ஒரு கலைமானும் ஒரு பெண்மானும். அருகே மூன்று பழைய காற்றாலைகள். போட்டோவுக்கு அவை போதும்.

பசிக்கு

ஹிப்போகிரட்டீஸ் சதுக்கத்தைச் சுற்றி, வாசலில் நின்று கைபிடித்து இழுக்காத குறையாக அழைக்கும் உணவகங்கள் நிறைய. விலை போட்ட மெனு இல்லாத இடத்தில் உட்காராமல் இருப்பது நல்லது. கேட்காமலே மேஜைக்கு வரும் ரொட்டிக்கும் பில்லில் காசு சேரும். இரண்டு சந்து உள்ளே போனால் சத்தமும் குறையும், விலையும் குறையும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு நல்ல சேதி. 'பிட்டாருதியா' இந்தத் தீவின் சொந்தப் பலகாரம். கொண்டைக்கடலையை மசித்து, வெங்காயம், தக்காளி, புதினா சேர்த்துப் பொரிப்பது. மசால் வடைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். வீட்டுக்கு வாங்கிவர 'மெலெகூனி'. எள்ளும் தேனும் பாதாமும் சேர்த்து, ஆரஞ்சுத் தோல் மணக்கச் செய்வது. இங்கே கல்யாணங்களில் விருந்தினருக்குக் கொடுப்பார்கள். எள்ளுருண்டை தின்று வளர்ந்தவர்கள் ஒரு பொட்டலத்தோடு நிறுத்த மாட்டார்கள்.

கடைசி அரை மணி

கடைகள் வரிசைகட்டும் சாக்ரடீஸ் தெருவின் மேல் முனையில் இளஞ்சிவப்பு நிற சுலைமான் மசூதி. எதிரே 1793-ல் தொடங்கப்பட்ட துருக்கியர் கால நூலகம். தெருவில் கீழே இறங்கி, ஹிப்போகிரட்டீஸ் சதுக்கத்தையும் தாண்டி நேரே நடந்தால், கடல்குதிரைச் சிற்பங்களோடு ஒரு நீரூற்று. சுற்றிலும் மரநிழலும் காபிக்கடைகளும். ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு அப்படியே கடந்துபோய்விடக்கூடிய இடம்.

அந்த நிழலில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. சதுக்கத்தின் பெயர் யூதத் தியாகிகள் சதுக்கம்.

ஸ்பெயினிலிருந்து 1492-ல் துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்கள் இந்தத் தெருக்களில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். வீட்டில் பேசியது லடினோ என்ற பழைய ஸ்பானிய மொழி. 1944 ஜூலையில் ஜெர்மானிய நாஜிப் படை, 1,600-க்கும் மேற்பட்ட யூதர்களைக் கைதுசெய்து, இந்தத் துறைமுகத்திலிருந்தே படகுகளில் ஏற்றியது. அவர்கள் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ் வதைமுகாம். உயிர் பிழைத்தவர்கள் சுமார் 150 பேர். துருக்கியின் தூதரக அதிகாரி செலாஹத்தின் உல்குமென், 'இவர்கள் துருக்கியக் குடிமக்கள்' என்று வாதாடி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்.

சதுக்கத்துக்கு அருகே, சந்துக்குள் 1577-ல் கட்டிய கஹால் ஷலோம் தொழுகைக்கூடம் இருக்கிறது. கிரேக்கத்தில் இன்றும் இயங்கும் யூதத் தொழுகைக்கூடங்களில் மிகப் பழையது அதுதான். உட்புறத் தரையில் கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் கோலம். ஒரு காலத்தில் நிரம்பி வழிந்த இடம் அது. இன்று தீவில் மிகச் சில யூதக் குடும்பங்களே இருக்கின்றன.

கால் வலித்தால் உட்காரலாம், பிடித்த இடத்தில் நிற்கலாம், எவரும் கொடியை ஆட்டிக் கூப்பிட மாட்டார்கள். தனியே நடப்பதில் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான். அந்தச் சுதந்திரத்தில் பத்து நிமிடத்தை அந்தத் தூணுக்குக் கொடுத்தவர், ரோட்ஸைப் பார்த்தவர்.

மணி 3.10. வாசலைத் தாண்டினால் கப்பல் தெரிகிறது. நடந்தே போய்விடலாம், ஓட வேண்டியதில்லை.

கிளம்பும் முன்

* இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. கப்பல் இடையில் துருக்கிக்குப் போய்விட்டுத் திரும்பக் கிரேக்கம் வருமானால், பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். துருக்கியின் விசா விதியையும் கப்பல் நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.
* 2025 ஜூலை முதல் கிரேக்கத் துறைமுகங்களில் இறங்கும் கப்பல் பயணிகளுக்குக் கட்டணம் உண்டு. கோடை உச்சத்தில் சான்டோரினி, மிக்கோனோஸ் தீவுகளுக்கு 20 யூரோ; ரோட்ஸ் போன்ற மற்ற துறைமுகங்களுக்கு 5 யூரோ.
* ஜூலை, ஆகஸ்ட் வெயில் கடுமை. வெப்ப அலை நாள்களில் திறந்தவெளித் தொல்லியல் இடங்களை நண்பகலில் மூடிவிடுவதுண்டு. தொப்பி, தண்ணீர் மறக்கக் கூடாது.
* வரைபடத்தைக் கப்பலிலேயே மொபைலில் இறக்கி வைத்துக்கொண்டால், சந்துகளில் சிக்னல் போனாலும் வழி தவறாது.