வெந்நீரூற்றும் செங்காவிப் படிவும்

அமெரிக்க நாட்டின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலே, கிப்பன் ஆற்றங்கரையில், சாக்லேட் பாட்ஸ் எனப்படும் வெந்நீரூற்றுகள் உள. சாக்லேட் குழம்பை ஊற்றியது போன்ற பழுப்பு மேடுகள் அங்கே காணப்படுவதால் இப்பெயர். ஊற்றின் வாயினின்று வரும் நீரோ கண்ணாடி போல் தெளிந்தது. அதன் வெப்பம் ஏறத்தாழ 50 டிகிரி சென்டிகிரேட். தெளிந்த நீர் பழுப்பு மேட்டை எவ்வாறு எழுப்புகிறது? இம்மாதம் இதனை எண்ணிப் பார்ப்போம்.

ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடத்தில் பிடித்து வைக்கும் நம் தாய்மார்க்கு விடையின் பாதி தெரியும். பிடிக்கும்போது தெளிவாயிருந்த நீர், சில ஊர்களில், சிறிது நேரத்தில் செங்காவி நிறங்கொண்டு அடியில் வண்டலாகத் தங்கிவிடும். பிராணவாயு எட்டாத ஆழத்தில் இரும்பு நீரில் கரைந்து நிறமின்றி இருக்கிறது. காற்றுப் பட்டதும் துருவாகிறது. துரு கரையாது, படிந்துவிடும். அங்ஙனமாயின் இதில் நுண்ணுயிருக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே.

1836இல் ஜெர்மானிய அறிஞர் ஏரன்பெர்க், காலியோனெல்லா என்னும் நுண்ணுயிரை விவரித்தார். 1888இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி, இத்தகைய பாக்டீரியாக்கள் இரும்பைத் துருவாக்குவதாலேயே வாழ்வதற்கான ஆற்றலைப் பெறுகின்றன என்றார். நமக்குச் சோறு எப்படியோ, அவற்றுக்குக் கரைந்த இரும்பு அப்படி. ஆனால் இச்சோற்றில் சத்து மிகக் குறைவு. சிறிதளவு உடல் வளர்க்கப் பெருமளவு இரும்பை மாற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே உயிர் இம்மியளவு, துரு குவியல் குவியலாக. மேலும், காற்று மிகுந்த இடத்தில் இரும்பு தானே துருவாகி இவற்றின் உணவைக் கெடுத்துவிடும். ஆதலால் பிராணவாயு மிகச் சொற்பமாயுள்ள எல்லையிலேயே இவை குடியிருக்கின்றன. தான் உண்டாக்கும் துருவிலே தானே புதைந்து போகாதிருக்க, காலியோனெல்லா முறுக்கிய நூல் போன்ற காம்பொன்றைச் சுரந்து, துருவை அதன்மேல் ஏற்றிவிடுகிறது. எமக்கோ இக்காம்பே பெருவியப்பு.

சாக்லேட் பாட்ஸில் நடப்பது சற்று வேறு. அங்கே மேடுகளைப் போர்த்தியிருப்பவற்றுள் முதன்மையானவை, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் நீலப்பசும் பாக்டீரியாக்கள். பகலில் அவை வெளிவிடும் பிராணவாயு, ஊற்று நீரின் இரும்பை அங்கேயே துருவாக்குகிறது. வழவழப்பான அவற்றின் விரிப்பு அத்துருவைப் பற்றிக்கொள்கிறது. படிந்த துருவும் சும்மா இருப்பதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து, அடியிலுள்ள உயிர்களைக் காக்கிறது. இன்னும் கீழே, பிராணவாயு எட்டாத இருளில், வேறொரு கூட்டம் அத்துருவையே சுவாசத்துக்குப் பயன்படுத்தி, மீண்டும் கரையும் இரும்பாக்குகிறது. ஒரு கூட்டம் கட்ட, மறு கூட்டம் கரைக்க, எஞ்சியதே நம் கண் காணும் படிவு. பாக்டீரியா இரும்பையே உண்டாக்குகிறது என எண்ணிவிடலாகாது. இரும்பு பூமியின் ஆழத்துப் பாறை தந்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி மலைத்தொடரில் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள இரும்புப் பாறை அடுக்கடுக்காய்க் கிடக்கிறது. அது படிந்த காலத்துக் கடலில் கரைந்த இரும்பு மிகுதி, பிராணவாயு அரிது. அக்கடலை இன்று எவரும் காண இயலாது. அதனாலேயே அறிஞர்கள் இத்தகைய இரும்பூற்றுகளை நாடிச் செல்கின்றனர். உயிரால் விளைந்த துருவும் வெறும் காற்றால் விளைந்த துருவும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே முறுக்கிய காம்பு, துரு பூசிய உயிரணு போன்ற உருவங்களை ஊற்றுகளில் நன்கு பழகிக்கொண்டு, பின்னர் பழம்பாறையில் தேடுகின்றனர். நெடுங்காலப் புதைவும் வெப்பமும் பல பாறைகளில் அவ்வுருவங்களை அழித்துவிட்டன.