கதவில் ஒட்டிய வேற்றுமொழித் தாள்

ஒரு குடும்பத்தை அதன் வீட்டினின்றும் பிரிக்கும்போது ஊரார் வாயில் முதலில் வரும் சொற்களை எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்கும். 'சப்தி' உருதுவின் வழியே வந்தது. 'ஏலம்' போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. ஏலம் முடிந்தபின் கைமாறும் 'சாவி'யும் அவர்கள் தந்ததே. 'நோட்டீசு' ஆங்கிலம். வீடு, மனை, முற்றம், திண்ணை, அடுப்பங்கரை என வாழ்தற்குரிய சொற்களெல்லாம் தமிழாயிருக்க, வெளியேற்றுதற்குரிய சொற்கள் மட்டும் கடல் கடந்தும் மலை கடந்தும் வந்திருக்கின்றன. ஆளவந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே தமிழன் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்கள் போய் ஆண்டுகள் பலவாகியும், கடன்பட்டார் கதவில் ஒட்டப்பெறும் தாள் பெரும்பாலும் இன்னும் தமிழாகவில்லை.

பல்லடத்திலோ சோமனூரிலோ கூலிக்கு விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்க. தறிக்கொட்டகையை ஒட்டி வீடு கட்டுவதற்கு வைப்பகத்தில் (வங்கியில்) 20 இலக்கம் உருபா கடன். வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு. கால அளவு 20 ஆண்டு. திங்கள்தோறும் கட்ட வேண்டியது ஏறத்தாழ 17,995 உருபா. முதல் திங்களில் அத் தொகையுள் 15,000 வட்டிக்கே போய்விடும்; முதலில் கழிவது 3,000-க்கும் குறைவு. ஐந்தாண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் கட்டினால், கட்டிய தொகை 10 இலக்கத்து 79 ஆயிரத்தைத் தாண்டும். நிற்கும் முதலோ இன்னும் ஏறத்தாழ 17 இலக்கத்து 74 ஆயிரம்! வட்டி இடையில் உயராமல் ஒரே நிலையில் நின்றால் வரும் கணக்கே இது.

இக் கணக்கை ஒருவர் தமிழில் எழுதிக் காட்டியிருந்தால், தறிக்காரர் ஓர் அறையைக் குறைத்துக் கட்டியிருப்பார். காட்டியது என்ன? ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாள்கட்டு. 'இங்கே, இங்கே' என்று அலுவலர் விரல் வைத்த இடமெல்லாம் கையொப்பம். அதனடியில் மனைவியின் கையொப்பம். பாவில் ஓரிழை அறுந்தாலும் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுகின்றவர், தம் வாழ்நாளிலேயே மிகப் பெரிய கடன்முறியைப் படியாமலே ஒப்பமிட்டுத் திரும்புகின்றார்.

பிறகு நூல்விலை ஏறுகின்றது. நெசவுக் கூலி ஏறுவதில்லை. அல்லது வீட்டில் ஒருவர் நோயில் விழுகின்றார். தவணை தவறுகின்றது. கழுத்திலும் காதிலும் கிடந்தது முதலில் போகின்றது. அடுத்து, ஊரிலுள்ள வட்டிக்காரரிடம் நூற்றுக்குத் திங்களுக்கு மூன்று உருபா வட்டியில், அஃதாவது ஆண்டுக்கு 36 விழுக்காட்டில், மற்றொரு கடன். 9 விழுக்காட்டுக் கடனின் தவணையைக் கட்ட 36 விழுக்காட்டில் கடன் வாங்குவது அறியாமையால் அன்று. அக் கணக்கு அவர்க்கும் தெரியும். வைப்பகத்தார் தெருவில் நின்று பெயர் சொல்லிக் கேட்டுவிடுவரோ என்னும் நாணமே அவரை அங்கே துரத்துகின்றது. கொடுவட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003-இல் சட்டம் இயற்றியுள்ளது. கடன் தண்டுவோர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைத்தல் ஆகாது என நடுவண் வைப்பகம் (ரிசர்வ் வங்கி) 2022-இல் ஆணையிட்டுள்ளது. அந் நாணத்தின் முன் இவை இரண்டும் நிற்பதில்லை.

கடன் என்னும் தமிழ்ச்சொல் திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும்; செய்தே தீரவேண்டிய கடமையையும் குறிக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய மக்களுக்குக் கடன் தவறுதல் ஒழுக்கம் தவறுதலாகவே தோன்றுவது இயல்பு. (இலங்கை வேந்தனின் கலக்கத்திற்குக் கடன்பட்டார் நெஞ்சத்தை உவமை காட்டும் அடியைக் கம்பன் பாடியதாக மேடைதோறும் கூறுவர். கம்பன் நூலுள் தேடினால் அவ்வடி கிடைக்காது. ஆயினும் அதனைக் கம்பன் தலையில் ஏற்றி வைத்தமைக்குக் கரணியம், அவ்வுவமை பலர்க்கும் சொந்தப் பட்டறிவாய் இருந்தமை போலும்.) மதித்தற்குரிய இந் நாணமே தீங்காகவும் முடிகின்றது. வந்த அறிவிக்கையை உறையோடு மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிடுகின்றனர். படித்தாலும் விளங்காது, விளங்க வேண்டுமாயின் ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும், காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும். மொழியும் நாணமும் இவ்வாறு கைகோத்துக்கொள்ள, மடித்து வைத்த அத் தாளுக்குள் நாட்கள் கழிகின்றன.

அந் நாட்கள் எவை என்பதைத் தமிழில் சொல்லி வைத்தல் தேவையாகின்றது. தவணை தவறி 90 நாள் கடந்தால் கடன் 'வாராக்கடன்' எனக் குறிக்கப்படும். அதன்பின் நடப்பது, ஆங்கிலத் தலையெழுத்துகளைக் கோத்துச் 'சர்பேசி' என வழங்கப்பெறும் 2002-ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தின்படி. வழக்குமன்றப் படியேறாமலே ஈட்டு வீட்டைக் கைப்பற்றி விற்கும் ஆற்றலை அச் சட்டம் வைப்பகங்களுக்குத் தந்தது. அதன் 13-ஆம் பிரிவின்படி, நிலுவை முழுவதையும் 60 நாளுக்குள் கட்டுக என முதலில் ஓர் அறிவிக்கை வரும். கடனாளி தம் மறுப்பை எழுதி விடுத்தால் வைப்பகம் அதனை ஆராய்ந்தாக வேண்டும்; ஏற்காவிடின், ஏன் ஏற்கவில்லை என்பதை 15 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். 60 நாளும் வாளா கழிந்தால் கைப்பற்றல் அறிவிக்கை கதவில் ஒட்டப்படும். இரு செய்தித்தாள்களிலும் வெளிவரும். அவற்றுள் ஒன்று அவ் வட்டார மொழித்தாளாக இருத்தல் வேண்டும் என்பது விதி. ஊரார் படித்துப் பேசிக்கொள்வதற்குத் தமிழ் உண்டு; உரியவர் முதலில் படித்துத் தெளிவதற்குத் தமிழைக் கட்டாயமாக்குவார் இல்லை!

கைப்பற்றலை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள் உண்டு. குடியிருப்போரை வெளியேற்ற வைப்பகம் மாவட்ட ஆட்சியரையோ தலைமைக் குற்றவியல் நடுவரையோ நாடும். விற்பனைக்கு முன் 30 நாள் அறிவிப்பு வேண்டும். முன்பெல்லாம் விற்பனைக்குக் குறித்த நாளுக்கு முன்வரையிலும் கடனைக் கட்டி வீட்டை மீட்க இடமிருந்தது. 2016-இல் செய்யப்பெற்ற திருத்தம், ஏல அறிவிப்பு வெளிவரும் நாளோடு அவ்வுரிமையை முடித்துவிட்டது. உச்ச நயமன்றமும் (நீதிமன்றமும்) 2023-இல் அவ்வாறே பொருள் கொண்டது. ஏலத்திற்கு முதல்நாள் உறவினர் கூடிப் பணத்தோடு ஓடினால் போதும் என்று இன்றும் பலர் நம்பியிருக்கின்றனர். போதாது.

சட்டத்தில் கடனாளிக்கு ஒன்றுமே இல்லை எனக் கூறுவதும் பிழை. வேளாண் நிலத்தின்மேல் இச் சட்டம் செல்லாது. முதலும் வட்டியும் சேர்ந்த தொகையில் நிலுவை 20 விழுக்காட்டிற்குக் குறைந்திருந்தாலும் செல்லாது. விற்று வந்த பணம் கடனுக்கும் செலவுக்கும் மிஞ்சினால் மிச்சம் உரியவர்க்கே திரும்ப வேண்டும். குறைந்தாலோ, அக் குறைக்கு வைப்பகம் மீண்டும் வரும். வீட்டோடு கடனும் போயிற்று என ஆறியிருந்தவர் அடையும் அதிர்ச்சியைச் சொல்ல வேண்டுவதில்லை. சட்டம் வந்த தொடக்கத்தில், தீர்ப்பாயத்தில் முறையிடுவதற்கே கேட்ட தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டியாக வேண்டும் என்றிருந்தது. முக்கால் பங்கு கையில் இருப்பவன் முறையிடப் போவானேன்? 2004 ஏப்பிரலில் உச்ச நயமன்றம் அதனைச் செல்லாதென நீக்கியது. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்வதற்கோ இன்றும் 50 விழுக்காடு கட்ட வேண்டும்; மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இரங்கினால் 25 வரை குறையும்.

இனி அத் தீர்ப்பாயத்தின் மொழி. தமிழகத்தில் சென்னையில் மூன்றும், கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்றுமாகக் கடன் மீட்புத் தீர்ப்பாயங்கள் உள்ளன. அவற்றுக்கென 1993-இல் வகுத்த நடைமுறை விதிகளுள் 3-ஆம் விதி, நடவடிக்கைகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ நடைபெறும் என்கின்றது. வேறு எம்மொழியிலுள்ள முறையீடும் ஆவணமும் இவ்விரண்டுள் ஒன்றில் பெயர்த்த படியோடு வந்தாலன்றி ஏற்கப்படா. ஆகவே பல்லடத்துத் தறிக்காரர் கோவைத் தீர்ப்பாயத்தில் தம் வீட்டுக்காக இந்தியில் முறையிடலாம், தமிழில் முறையிடலாகாது! அவர் ஊரிலும் இந்தியில் பேசார். எதிரே நிற்கும் வைப்பகக் கிளை அலுவலரும் பெரும்பாலும் தமிழரே. அழைத்துச் செல்லும் வழக்கறிஞரும் தமிழர். அனைவரும் தமிழில் பேசிக்கொண்டு உள்ளே நுழைந்து, உள்ளே சென்றதும் தமிழை மறந்துவிட வேண்டும்.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. தமிழகத்துக் கீழமை உரிமையியல் மன்றங்களில் தமிழில் வழக்குரைக்கவும் தமிழில் தீர்ப்பெழுதவும் இடமிருக்கின்றது. பல்லாண்டுப் போராட்டத்தில் கிடைத்த இடம் அது. சர்பேசிச் சட்டத்தின் 34-ஆம் பிரிவோ, இவ் வழக்குகளில் உரிமையியல் மன்றம் தலையிடலாகாது என்று தடுத்துவிட்டது. தமிழுக்கு இடமுள்ள மன்றத்தைச் சாத்தி, இடமில்லாத மன்றத்தைத் திறந்து வைத்திருக்கின்றனர். விளைவு, மொழிபெயர்ப்புக்குக் கூலி, தட்டச்சுக்குக் கூலி, வழக்கறிஞர்க்குக் கூலி, மன்றக் கட்டணம் எனக் கடனில் மூழ்கியவன் தலையில் மேலும் கடன். மொழியுரிமையைப் புலவர் தம் பெருமைக்காகக் கேட்கும் ஒன்றென எள்ளுவோர் இச் செலவுக் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

வாங்கிய கடனைத் திருப்பித் தரவேண்டாவா, வைப்பகத்தில் இருப்பது மக்கள் பணம் அன்றோ எனக் கேட்பார் உண்டு. முறையான கேள்வியே. அதில் இருப்பது இன்னொரு தமிழ்க் குடும்பத்தின் சிறுசேமிப்பு. அதனை ஏய்ப்பதற்கு யாரும் வழி கேட்கவில்லை. ஆங்கிலம் நன்கறிந்த பெருமுதலாளி, கோடிக்கணக்கில் வாங்கிய கடனுக்கும் இதே சட்டத்தின்படிதான் அறிவிக்கை பெறுகின்றான். அவன் கையில் அது கிடைத்த மறுநாளே மறுப்பு எழுதப்படுகின்றது. 45 நாளில் ஒன்றையும் அவன் வீணாக்குவதில்லை. ஒரே சட்டம், ஒரே கால அளவு; ஒருவனுக்கு அது கேடயமாகவும் மற்றவனுக்குக் கழுத்தில் இறங்கும் கத்தியாகவும் இருக்கின்றது. இருவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு பணம் மட்டும் அன்று.

செய்தற்கரிய ஒன்றையும் கேட்க வேண்டுவதில்லை. வைப்பகமல்லாத கடன் நிறுவனங்கள் கடனாளிக்கு விடுக்கும் செய்தி யாவும் வட்டார மொழியிலோ அவர் அறிந்த மொழியிலோ இருத்தல் வேண்டும் என்பது நடுவண் வைப்பகத்தின் நேரிய நடைமுறை நெறியிலேயே உள்ளது. 2024 அத்தோபர் முதல் நாளிலிருந்து ஒப்பளிக்கப்பெறும் தனியார் கடன்களுக்கும் சிறுதொழிற் கடன்களுக்கும், ஆண்டு வட்டி, கட்டணங்கள், தவணைகள் அடங்கிய முதன்மைச் செய்திக் குறிப்பொன்றைக் கடனாளி அறிந்த மொழியில் எழுதித் தந்து விளக்கி, ஒப்புகையும் பெறவேண்டும் என்பதும் அவ் வைப்பகத்தின் ஆணையே. தமிழில் அக் குறிப்பைத் தாராமல் யாரேனும் கையொப்பம் கேட்டால், எழுதுகோலைக் கீழே வைத்துவிடக் கடனாளிக்கு முழு உரிமை உண்டு. 60 நாள் அறிவிக்கையையும் கைப்பற்றல் தாளையும் இதே நெறிக்குள் கொண்டுவருதல் வேண்டும். தீர்ப்பாயத்தின் 3-ஆம் விதியை மாற்றச் சட்டமன்றமோ பாராளுமன்றமோ கூட வேண்டுவதில்லை. விதி வகுப்பது நடுவண் அரசு. அந்தந்த மாநில ஆட்சிமொழியும் ஆகும் என ஒரு தொடரைச் சேர்த்தால் முடிந்தது. தமிழகத்திலிருந்து தில்லிக்குச் செல்லும் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் எழுப்பும் நூறு கேள்விகளுள் இதுவும் ஒன்றாக இருக்கலாமன்றோ?

அது வரும் வரையில் பெட்டியின் அடியில் கிடக்கும் உறைகளைப் பிரிக்க வேண்டும். 60 நாள் என்பதை அறிவிக்கையில் இட்ட நாளிலிருந்தே சட்டம் எண்ணுகின்றது. அஞ்சலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து என எண்ணியிருத்தல் கேடாய் முடியும். மறுப்பை இன்ன மொழியில்தான் எழுத வேண்டும் என 13-ஆம் பிரிவு எங்கும் கூறவில்லை. தவணை தவறியது ஏன், எவ்வளவு கட்டியாயிற்று, வைப்பகத்தின் கணக்கில் எத்தொகை பிழை, இனி எந்நாளில் எவ்வளவு கட்ட இயலும் என்பவற்றைத் தமிழிலேயே எழுதி, படியொன்று வைத்துக்கொண்டு, விரைவஞ்சலில் ஒப்புகைச் சீட்டோடு விடுக்கலாம். 15 நாளுக்குள் மறுமொழி எழுத வேண்டியவர் வைப்பகத்தார். அதனைத் தமிழில் தருமாறும் அம் மறுப்பின் கடைசி வரியில் கேட்டு வைக்கலாம்.