வாழ்த்து அட்டையா, சரக்கறையா?

கையால் செய்த வாழ்த்து அட்டைக்கு என்றும் ஒரு தனி மதிப்பு உண்டு. தம்மை நினைத்து ஒருவர் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டார் என்ற செய்தியை, பெறுபவர் அதில் காண்கிறார். இக்கலை நம் இல்லங்களில் மீண்டும் தழைப்பது கண்டு நாம் மகிழவே வேண்டும். ஆயினும் அது தழைக்கும் விதத்தைக் கூர்ந்து நோக்கும்போது மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுகிறது.

இன்று கைவினை என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் கடைவினை. வெட்டித் தரப்பட்ட பூக்கள், ஒட்டத் தயாராக வரும் முத்துகள், அச்சிட்ட வாழ்த்து வரிகள், பல நிற நாடாக்கள், ஜிகினாத் தூள், வடிவம் வெட்டும் கருவிகள் என அனைத்தும் விலைக்கு வருகின்றன. அவற்றை வைக்க அடுக்குப் பெட்டிகள், பெட்டிகளை வைக்கச் சக்கர வண்டி, ஒவ்வொன்றிற்கும் பெயர்ச்சீட்டு. வண்ணவாரியாக அடுக்குவதே ஒரு பொழுதுபோக்காகி விடுகிறது. இத்தனை சரக்கும் உள்ள வீட்டிலிருந்து டிசம்பரில் எத்தனை அட்டைகள் அஞ்சல் பெட்டிக்குச் செல்கின்றன? களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையை ஆலயத்தில் கேட்டுத் தலையசைக்கும் நாம், வீட்டு அலமாரியில் அதே களஞ்சியத்தைக் கட்டுகிறோம்.

வாழ்த்து அட்டையின் வரலாறு இங்கே நமக்குத் துணை நிற்கிறது. 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. கடிதங்கள் பெருகின. அனைவருக்கும் தனித்தனியே மறுமொழி எழுத நேரமின்றித் தவித்த ஹென்றி கோல், 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஓர் அட்டையை வரையச் செய்து அச்சிட்டார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டை அதுவே. விலை ஒரு ஷில்லிங். அக்காலத் தொழிலாளிக்கு அது சிறு தொகை அன்று. நடுவில் மது அருந்தி மகிழும் குடும்பம். மதுவிலக்கு அன்பர்கள் அதைக் கண்டித்தனர். ஆனால் அதன் இரு ஓரங்களிலும் பசித்தோர்க்கு உணவும் ஆடையற்றோர்க்கு ஆடையும் வழங்கும் காட்சிகள் இருந்தன. நேரமில்லாத ஒருவரின் அட்டையிலும் ஏழைக்கு இடம் இருந்தது. நமது பளபளக்கும் அட்டைகளில் அவருக்கு எந்த மூலையில் இடம் வைத்திருக்கிறோம்?

இன்னொரு நிகழ்வு, பொருள் இல்லையேல் கலை இல்லை என்போர்க்கு விடையாக நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் யுனிசெஃப் நிறுவனத்தின் உதவியைப் பெற்ற செக்கோஸ்லோவாக்கியாவில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நன்றி தெரிவிக்க ஓர் ஓவியம் தீட்டினாள். தாள் கிடைக்காததால் கண்ணாடியின்மேல் தீட்டினாள். அந்த ஓவியமே 1949இல் யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று.

“சிறாரின் படைப்பாற்றல் வளர்கிறதே!” என்பர் சிலர். பிறர் வெட்டிய பூவைப் பிறர் வரைந்த தண்டின்மேல் ஒட்டுவதில் எந்த ஆற்றல் வளர்கிறது? நம் பங்குகளில் நடக்கும் வாழ்த்து அட்டைப் போட்டிகளைப் பாருங்கள். முந்தின இரவு கடைக்கு ஓடுபவர் தாய். ஒட்டுபவரும் பெரும்பாலும் தாயே. பரிசு பெறுவது எந்த வீட்டில் அதிகப் பணம் செலவாயிற்றோ அந்த வீட்டுக் குழந்தை. கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளை, பள்ளிக் குறிப்பேட்டுத் தாளில் வரைந்த குடிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஏழையாய்ப் பிறந்தவரின் பெயரால் நடக்கும் போட்டியில் ஏழைக் குழந்தை கூச்சம் கற்றுக்கொள்கிறது. இதையா நாம் கற்பிக்க விரும்பினோம்?

“கைப்பேசியில் நொடியில் அனுப்பலாமே, அட்டையே எதற்கு?” என்பாரும் உண்டு. அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் நூறு பேருக்கு ஒன்றாகச் சென்ற படத்தை எவரும் விவிலியத்தின் பக்கங்களுக்கிடையே வைத்துப் பாதுகாப்பதில்லை. தொலைவில் வாழும் பேரன் எழுதிய நான்கு வரிகளை நம் மூதாட்டியர் அவ்வாறு வைத்திருக்கின்றனர்.

“பொருள்களை ஒழுங்காக வைப்பது நல்லதன்றோ?” என்பது மூன்றாவது கேள்வி. நல்லதே. ஆனால் அதற்கு எவ்வளவு தேவை? கத்தரிக்கோல், அளவுகோல், பென்சில், வண்ணங்கள், பசை, மை தீர்ந்த ஒரு பால்பாயின்ட் பேனா. பிஸ்கட் டப்பா ஒன்று போதும். மணப்பாட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டி கிடைத்தால் இன்னும் சிறப்பு. தாளுக்கோ நம் வீடுகளில் பஞ்சமே இல்லை. ஆண்டு முழுதும் வந்து குவியும் திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கம் அட்டையாகும். பழைய நாட்காட்டியின் வழவழப்பான தாள் உறையாகும். புதிய தாளே வேண்டுமெனில், ஏ4 அளவுத் தடித்த தாள் ஒன்றைப் பாதியாக வெட்டி மடித்தால் இரண்டு அட்டைகள் கிடைக்கும். தாளை இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும் திசையில் மடிக்க வேண்டும். அதுவே இழை ஓடும் திசை. மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பேனாவால் முதலில் அழுத்திக் கீறினால் விளிம்பு வெடிக்காது. மைதாப் பசையை மெல்லியதாகப் பூசி, ஓர் இரவு கனத்த புத்தகத்தின் அடியில் வைத்தால் தாள் சுருளாது. எஞ்சிய தாள்களைச் சுவர் ஈரம் படாமல் கிடையாக அடுக்கி, வசம்புத் துண்டு ஒன்றைப் போட்டு வைக்கலாம். ஓலைச் சுவடிகளைப் பூச்சியிலிருந்து காத்த நம் முன்னோர் கையாண்ட பொருள் அது.

ஜிகினாத் தூளை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அதில் பெரும்பகுதி அலுமினியப் பூச்சிட்ட பிளாஸ்டிக் துணுக்கே. அது ஒட்டிய அட்டையை மறுபடி தாளாக்குவது கடினம். உதிர்ந்த தூள் மண்ணிலும் நீரிலும் மக்காமல் கிடக்கும். உதிரியாக விற்கப்படும் பிளாஸ்டிக் ஜிகினாத் தூளின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டது. படைப்பைப் பேணுவோம் என்று மன்றாடிவிட்டு, அதே வாரம் நம் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுப்பது முரண்.

எனவே பங்குப் பேரவைகளுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் நாம் ஒன்றை வலியுறுத்துகிறோம். போட்டியின் விதிகளை மாற்றுங்கள். போட்டிக்கென விலைக்கு வாங்கிய எதுவும் அட்டையில் இருத்தலாகாது. குழந்தை தன் கையால் மூன்று வரிகளாவது எழுதியிருக்க வேண்டும். ஒவ்வோர் அட்டையும் பெயர் குறித்த ஒருவருக்குரியதாக இருக்க வேண்டும்: படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு, முதியோர் இல்லத்தில் காத்திருப்பவருக்கு, பிள்ளைகள் அயல்நாடு சென்றபின் தனித்து வாழும் தாய்க்கு. அன்பியத்தார் அவற்றைக் குழந்தைகளோடு சென்று நேரில் கொடுக்கட்டும். பரிசு எதற்கு? கதவைத் திறப்பவரின் முகத்தைக் குழந்தை பார்த்தால் போதும்.

இல்லங்களுக்கும் ஒரு விதி: ஒரு வீட்டிற்கு ஒரு பெட்டி. அது காலியாகும்வரை கடைப்பக்கம் செல்ல வேண்டாம். திருவருகைக் காலத்திற்கு நான்கு ஞாயிறுகள் உண்டு. ஞாயிறுக்கு ஓர் அட்டை என்றாலும் நான்கு வீடுகளை எட்டலாம். அலமாரியைத் திறப்போம், இருப்பதை எடுப்போம், எழுதி அனுப்புவோம்.