திறவுகோல் ஒன்று, திறப்பவர் எவர்?

கல்விக்கூடத்தின் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் எவரும் இலர். சாதி பார்த்துக் கதவடைத்த காலம் ஒன்று இருந்தது. கட்டணம் கேட்டுக் கதவடைத்த காலமும் இருந்தது. அந்தக் கதவுகளைத் தள்ளித் திறக்கப் பல தலைமுறைகள் பாடுபட்டன. இப்பொழுது புதிய கதவு ஒன்று எழுந்திருக்கிறது. அதற்கு மரமும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. கணினித் திரையில் இரண்டு சிறு கட்டங்கள்; ஒன்றில் பயனர் பெயர், மற்றொன்றில் கடவுச்சொல். சரியாக நிரப்பியவனுக்குப் பாடம் உண்டு, சான்றிதழ் உண்டு, உதவித்தொகை உண்டு. நிரப்பத் தவறியவனுக்கு, "விவரம் பொருந்தவில்லை" என்ற ஒற்றை வரியே மறுமொழி.

நான் அறிவியல் மாணவன். இயந்திரத்தைக் கண்டு அஞ்சுகிறவன் அல்லன். ஆயினும், நாடெங்கும் பள்ளிகளில் புகுத்தப்படும் இந்தப் புதிய கதவைப் பற்றி, டில்லியில் வாழும் தமிழ் மாணவர்களாகிய நாம் சற்று நின்று எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், ஒற்றை உள்நுழைவு என்பது என்ன? இன்று ஒரு பள்ளி ஆசிரியர் எத்தனை வாசல்களில் நிற்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி விவரங்களைப் பதிய யூடைஸ் பிளஸ், பாடங்களுக்கும் பயிற்சிக்கும் தீக்‌ஷா, உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகைத் தளம், சான்றிதழ்களுக்கு டிஜிலாக்கர், இவை போதா என்று மாநில அரசின் தளங்கள் வேறு. வாசலுக்கு ஒரு கடவுச்சொல் என்றால் மனிதன் என்ன செய்வான்? குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பான். வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி வைப்பான். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்து, அதன் பின்னால் 123 என்று சேர்ப்பான். இந்தத் தொல்லைக்கு அறிவியல் கண்ட மருந்துதான் ஒற்றை உள்நுழைவு. ஒரே இடத்தில் ஒரு முறை நம்மை யார் என்று காட்டிக்கொண்டால், மற்ற வாசல்கள் அனைத்தும் அந்த ஒருவர் சொல்லை நம்பி நம்மை உள்ளே விடும்.

இது பிறந்த இடங்களுள் தலையாயது ஒரு மாணவர் வளாகம் என்பது நமக்குப் பெருமை தரக்கூடிய செய்தி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983ஆம் ஆண்டு 'அத்தீனா' என்ற திட்டம் தொடங்கியது. மாணவன் வளாகத்தின் எந்தக் கணினி முன் அமர்ந்தாலும் அவனுடைய கோப்புகளும் அஞ்சலும் அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அதற்காகக் 'கெர்பரோஸ்' என்ற முறையை அமைத்தனர். கிரேக்கப் புராணத்தில் பாதாள வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. அந்தக் காவலனுக்கு ஒரு முறை அடையாளம் காட்டினால், காலவரையறை உள்ள நுழைவுச் சீட்டு ஒன்று கிடைக்கும். அச்சுப்பொறியோ அஞ்சலோ எதுவாயினும் சீட்டைக் காட்டினால் போதும். கடவுச்சொல்லை வாசல்தோறும் கொட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

அதே அத்தீனா திட்டத்தில் மற்றொன்றும் இருந்தது. மாணவன் திரையில் தன் சிக்கலை எழுதினால், மறுமுனையில் அமர்ந்திருக்கும் ஆலோசகர் ஒருவர் விடை எழுதுவார். 'ஆன்லைன் கன்சல்டிங்' என்று அதற்குப் பெயர். காவலனை அமைத்தவர்கள், வழி தவறி நிற்பவனுக்குத் துணைவனையும் அமைத்தார்கள். நாமோ காவலனை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். துணைவனைக் கப்பலேற்ற மறந்துவிட்டோம். என் குறையெல்லாம் இதுதான்.

நம் நாட்டில் நடப்பதைப் பாருங்கள். 2022 ஜூலையில் 'மேரி பெஹ்சான்' என்ற தேசிய ஒற்றை உள்நுழைவு தொடங்கப்பட்டது. 'என் அடையாளம்' என்பது அதன் பொருள். 2023இல் மாணவர் ஒவ்வொருவருக்கும் 12 இலக்க எண் தரும் அபார் திட்டம் வந்தது. பெற்றோர் இசைந்தால்தான் பதிய வேண்டும் என்பது விதி. ஆனால் 2024 டிசம்பர் 9, 10 ஆகிய நாள்களை அபார் தினங்களென ஒதுக்கிப் பதிவை முடுக்கினார்கள். வேகத்தில் குறைவில்லை. இனி மறுபக்கம். யூடைஸ் பிளஸ் கணக்குப்படி 2024-25ஆம் கல்வியாண்டில் கணினி வசதி பெற்ற பள்ளிகள் 64.7 விழுக்காடு, இணைய வசதி பெற்றவை 63.5 விழுக்காடு. ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு நடக்கும் பள்ளிகள் 1,04,125. அந்த ஒற்றை ஆசிரியர் எல்லா வகுப்புக்கும் பாடம் நடத்த வேண்டும்; சத்துணவைக் கவனிக்க வேண்டும்; பதிவேடு எழுத வேண்டும்; இதற்கிடையில் மறந்துபோன கடவுச்சொல்லையும் மீட்டுத் தர வேண்டும்! மாடு ஒன்று, ஏர் நான்கு என்றால் உழவு எப்படி நடக்கும்?

நமக்கு இந்தத் துன்பம் தெரிவதில்லை. ஏனெனில் நமக்குக் கேட்க ஆள் இருக்கிறது. விடுதி அறையிலிருந்து ஆய்விதழைத் திறக்க முடியாவிட்டால் நூலகத்துக்கு நடக்கிறோம். பல்கலைக்கழகக் கணக்கு முடங்கினால் கணினி மையத்தின் சன்னலைத் தட்டுகிறோம். அங்குள்ளவர் முணுமுணுத்துக்கொண்டாவது திறந்து விடுகிறார். ஏழாம் வகுப்புச் சிறுமி எந்தச் சன்னலைத் தட்டுவாள்?

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இத்துன்பம் இரட்டிப்பாகிறது. காரணம் நம் பெயர். அபார் எண் பெற, பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். கந்தசாமியின் மகள் மலர்விழி என்று ஒரு பெண் இருப்பதாகக் கொள்வோம். ஊர்ப் பள்ளியில் அவள் 'க. மலர்விழி'. ஆதாரில் 'மலர்விழி கந்தசாமி'. குடும்பப்பெயர் எங்கே என்று கேட்கும் வடநாட்டுப் படிவத்தில், இருப்பதையே இரு முறை எழுதி 'மலர்விழி மலர்விழி'. போதாக்குறைக்கு நம் ழகரம்! ஆங்கிலத்தில் ஒருவர் அதற்கு இசட்-எச் போடுவார். மற்றொருவர் எல் போடுவார். பிறந்தது ஒரு பெண்; இயந்திரத்தின் கண்ணுக்கு நான்கு பெண்கள். ஆதாரைத் திருத்தலாமே என்பர். பொதுவிதிப்படி பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் திருத்த இயலும். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக ஏற்பது நம் வழக்கம். குடும்பப்பெயர் தாங்குவது அவர்கள் வழக்கம். ஒரு வழக்கத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய நிரல், மற்ற வழக்கத்தைப் பிழை என்கிறது. பிழை பெயரிலா இருக்கிறது?

அடுத்தது தொலைபேசி எண். ஞாயிறுதோறும் நானும் நண்பர்கள் இருவரும் தென் டில்லியில் ஒரு தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பில் கணக்குச் சொல்லித் தருகிறோம். அங்கே ஒரு சிறுமி, "அண்ணா, மிஸ் அனுப்பின பாடம் எனக்கு மட்டும் திறக்க மாட்டேங்குது" என்றாள். முயன்று பார்த்தேன். கடவுச்சொல்லை மாற்ற ஓ.டி.பி. வேண்டும். அது எந்த எண்ணுக்குப் போகிறது என்று அவள் தாயைக் கேட்டேன். வீட்டு வேலை முடித்து வந்திருந்த அந்த அம்மா, "அது அவரு ஊர்ல வாங்கின நம்பரு தம்பி. ரீசார்ஜ் பண்ணாம அது ஊரோட போயிடுச்சு" என்றார். பள்ளியைக் கேட்டால் தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொன்னார்கள். அங்கே கேட்டால் உதவி எண்ணைக் கூப்பிடச் சொன்னார்கள். உதவி எண்ணோ, பதிவு செய்த எண்ணிலிருந்து அழைக்கச் சொன்னது. இறந்துபோன எண்ணிலிருந்து எப்படி அழைப்பது? ஒரு மாதம் அச்சிறுமி பக்கத்து வீட்டுத் தோழியின் கணக்கில் நுழைந்து பாடம் படித்தாள். அவள் செய்த வீட்டுப்பாடமெல்லாம் தோழியின் பெயரில் ஏறிற்று. இதில் கெட்டவர் எவரும் இல்லை. ஆசிரியர் நல்லவர், எழுத்தர் பணிவானவர். ஆனால் திறந்துவிடும் அதிகாரம் பெற்றவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை.

வீடு மாறினால் எண் மாறும், பள்ளி மாறும், முகவரி மாறும். 2025 ஜூன் 1ஆம் நாள் ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டு, தகுதி பெற்ற குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டதை நாம் அறிவோம். அப்படிப் பெயர்க்கப்படும் பிள்ளைக்குத் தளராத பிடியாக இருக்க வேண்டியது அதன் பள்ளிக் கணக்கு. அதுவே முதலில் அறுந்துபோகும் இழையாக இருக்கலாமா?

"அப்படியானால் ஒரே திறவுகோலே வேண்டாம்" என்பர் சிலர். அவர்கள் அச்சத்திலும் பொருள் உண்டு. ஒரு திறவுகோல் எல்லாக் கதவையும் திறக்குமானால், அதைத் திருடியவனுக்கும் எல்லாம் திறக்கும். அமெரிக்காவின் பவர்ஸ்கூல் நிறுவனத்தில் 2024 டிசம்பரில் நடந்தது அதுதான். ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் களவுபோன கடவுச்சொல்லைக் கொண்டு உதவி மையத்தின் வழியாகவே உள்ளே புகுந்து, கோடிக்கணக்கான மாணவர்களின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். தண்டனை பெற்றவர் நம்மினும் இளைய, 19 வயதுக் கல்லூரி மாணவர்! நம் நாட்டிலும், தீக்‌ஷாவின் சேமிப்பகம் ஒன்று காவலின்றிக் கிடந்து, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்கள் வெளிப்பட்டன என்ற செய்தி 2023 ஜனவரியில் வந்தது.

ஆனால் இவற்றிலிருந்து நான் கற்கும் பாடம் வேறு. ஐந்து பூட்டுக்கு ஐந்து திறவுகோல் வைத்து, ஐந்தையும் வாசற்படியில் தொங்கவிடுவது காவல் ஆகாது. ஒன்றை வைத்து, அதை நன்கு காப்பதே அறிவு. பிள்ளை பாடம் படிக்கும் கணக்கு வேறாகவும், அதன் ஆதாரும் முகவரியும் உள்ள பதிவேடு வேறாகவும் இருக்கட்டும். கணக்குப் பாடத்தைத் திறக்கும் சீட்டு, குடும்பத்தின் விவரங்களைத் திறக்க வேண்டிய தேவை என்ன?

"ஆள் போடப் பணம் ஏது?" என்பர் வேறு சிலர். அவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். அங்கே 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. 2017இல் அது 'கைட்' என்ற நிறுவனமாயிற்று. பள்ளிதோறும் ஆசிரியர் ஒருவரையே பயிற்றுவித்துக் கணினிப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். பழுதைத் தெரிவிக்க அழைப்பு மையமும் தளமும் அமைத்தார்கள். 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களை நிறுவிப் பிள்ளைகளையே துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கருவி வாங்கும் பணத்தில் ஒரு பங்கைக் கருவிக்குத் துணை நிற்கும் மனிதருக்கு ஒதுக்கினார்கள்; அவ்வளவுதான். இது மாயமும் அன்று, மந்திரமும் அன்று.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, உள்நுழைய முடியாத காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் பாடமோ உணவோ தேர்வோ உதவித்தொகையோ நிற்கக் கூடாது. காகிதப் பதிவேடு செல்லும் என்ற விதி வேண்டும். ஆதார் இல்லை என்பதற்காகக் குழந்தைக்கு எந்த நலத்திட்டமும் மறுக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்த நெறியைக் கடவுச்சொல்லுக்கும் நீட்டச் சொல்கிறோம். இரண்டாவது, பள்ளித் தொகுப்பு ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே இருக்கும் வள மையத்தில், கணக்கை மீட்டுத் தரும் அதிகாரம் பெற்ற ஒருவர் அமர வேண்டும். பிள்ளையை நேரில் அறிந்த வகுப்பாசிரியர் "இவள் என் மாணவி" என்று கையொப்பமிட்டால், ஓ.டி.பி.யைவிட அது உறுதியான சான்று அன்றோ? மூன்றாவது, தலைப்பெழுத்தும் தந்தை பெயரும் ஒன்றே என்பதை நிரல் அறிய வேண்டும். நிரல் எழுதுவோரில் தமிழர் எத்தனையோ பேர். இது அவர்களுக்கு ஒரு பிற்பகல் வேலை.

கேட்பதோடு நிற்கலாமா? நம் சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது. இரண்டும் வேண்டியவையே. அவற்றோடு மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் குடியிருப்பு ஒன்றில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போடுவோம். படிவம் நிரப்பித் தருவோம். பெயர் வேறுபாட்டுக்கு மனு எழுதித் தருவோம். இந்தி படிக்கத் தெரியாத தாய்க்கு, எதில் கையொப்பமிடுகிறார் என்பதைத் தமிழில் சொல்வோம். இசைவு தராதிருக்க அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சொல்வோம். ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்வோம்: எவருடைய கடவுச்சொல்லையும் நாம் கேட்பதில்லை, எழுதி வைப்பதில்லை.

இது அரசு செய்ய வேண்டிய வேலை. நாம் செய்துவிட்டால் அரசு கைகட்டி நிற்காதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் மேசையின் மேல் ஒரு குறிப்பேடும் இருக்க வேண்டும் என்கிறேன். எத்தனை பேர் வந்தனர், என்ன தடை, எத்தனை நாள் ஆயிற்று என்று, ஆளின் பெயர் எழுதாமல், ஆறு மாதம் குறித்து வருவோம். அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்தின் படியேறுவோம். வெறுங்கையோடு போகும் மனுவுக்கும் கணக்கோடு போகும் மனுவுக்கும் உள்ள வேறுபாட்டை, சோதனைச்சாலையில் பழகிய நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்த செயற்குழுவில் இதை நான் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவரும், மேசையைத் தூக்க நால்வரும் வேண்டும்.